முழக்கோல் பிடித்த மேதை மிமார் ஸினான்

பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் நம் கண் எங்கே போகிறது? மிம்பரில் செதுக்கியுள்ள நட்சத்திரக் கோலங்களின் மேல் போகிறது. மாஷா அல்லாஹ் என்கிறோம். பிறகு தலை நிமிர்ந்து குப்பாவைப் பார்க்கிறோம். செதுக்கல் அலங்காரம், குப்பா கட்டிடம் என்று இரண்டையும் பிரித்தே நினைத்துப் பழகிவிட்டோம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று கல்லிலே காட்டிச் சென்ற பெரியார் ஒருவர் உண்டு. அன்னாரே துருக்கி தேசத்து மிமார் ஸினான் அவர்கள். மிமார் என்றால் கட்டிடக் கலைஞர் என்று பொருள்.

ஸினான் அவர்கள் கி.பி. 1490ஆம் ஆண்டு வாக்கில், கைஸரி நகரை அடுத்த ஒரு கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார்கள். கிறிஸ்தவக் குடிகளின் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுப்பது அக்காலத்து உதுமானிய அரசின் வழக்கம். அவ்வாறு எடுக்கப்பட்டு, இஸ்லாத்தில் சேர்ந்து, படையில் தச்சு வேலை கற்றார்கள்.

அந்தத் தச்சு வேலையைச் சற்றுக் கவனிப்போம். பள்ளிவாசல்களில் உயிருள்ளவற்றின் உருவம் வைப்பதில்லை. ஆகவே செதுக்குபவரின் திறமை முழுவதும் கோட்டிலும் வட்டத்திலும் இறங்கியது. கவராயத்தால் ஒரு வட்டம் போட்டு, அதை எட்டாகவோ பத்தாகவோ பிரித்து, கோடுகளை நீட்டினால் நட்சத்திரம் பிறக்கும். அதன்படி சிறு சிறு மரத்துண்டுகளை அறுத்து, ஆணியும் பசையும் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் கதவு செய்வார்கள். வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரிந்தாலும் அந்தக் கதவு கோணாது. ஒரு துண்டு மயிரிழை பிசகினாலோ கதவே சேராது. ஆக, கண்ணுக்குக் கோலமாய்த் தெரிவதே கதவைத் தாங்கும் பலமாகவும் இருக்கிறது.

போர்வீரராக அன்னார் பெல்கிரேட், ரோட்ஸ், பக்தாத் வரை சென்றார்கள். 1538இல் புரூத் நதியின் சேற்று நிலத்தில் படை கடந்து செல்ல 13 நாளில் பாலம் கட்டிக் கொடுத்ததாக அன்னாரின் சரித்திரம் கூறுகிறது. அதன் பின்னரே அரசின் தலைமைக் கட்டிடக் கலைஞராக நியமிக்கப்பட்டார்கள். வயதோ ஐம்பதை நெருங்கியிருந்தது! மூன்று ஸுல்தான்களின் காலத்தில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பதவியில் இருந்து, பள்ளிவாசல், மதரஸா, பாலம், நீர்வழி என முந்நூறுக்கும் மேற்பட்ட வேலைகளைச் செய்தார்கள்.

குப்பா கட்டுவதில் என்ன கஷ்டம்? தொழும் இடம் சதுரம். மேலே மூடுவது வட்டம். குப்பாவின் பாரம் கீழே இறங்குவதோடு, சுவரை வெளியேயும் தள்ளும். இஸ்தான்பூலின் அயா ஸோபியாவுடைய குப்பா, கட்டி முடித்த 21 ஆண்டுகளில், 558இல் இடிந்து விழுந்தது. அந்தத் தள்ளுதலுக்கு விடை தேடியதே ஸினான் அவர்களின் வாழ்நாள் வேலை.

1548இல் முடித்த ஷஹ்ஸாதே பள்ளியில் நான்கு பக்கமும் நான்கு அரைக்குப்பாக்களை அணையாக வைத்தார்கள். 1557இல் முடித்த ஸுலைமானியாவில் அரைக்குப்பாக்களை இரண்டாகக் குறைத்தார்கள். அவ்வேலை நீண்டுகொண்டே போனபோது குப்பா நிற்காது என்று ஊரார் பேசினார்கள். ஸுல்தான் ஸுலைமான் அவர்களே கோபத்துடன் வந்து, எப்போது முடியும் என்று கேட்டார்கள். தலை போகும் சமயம் அது. அன்னார் இரண்டு மாதம் தவணை சொன்னார்கள். சொன்னபடி முடித்தும் கொடுத்தார்கள். குப்பா இன்றும் நிற்கிறது.

அதன் பிறகு எட்ரினே நகரில் ஸெலிமியா. 1575இல் தொழுகைக்குத் திறந்தபோது அன்னாருக்கு எண்பது வயது கடந்திருந்தது. ஏறக்குறைய 31 மீட்டர் அகலமுள்ள ஒரே குப்பா, எட்டுத் தூண்களின் மேல் அமர்ந்திருக்கிறது. எட்டுத் தூண் எதற்கு? சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் நிற்பது எண்கோணம். இளம் வயதில் மரத்தில் போட்ட அதே கணக்கு! வெளியே குப்பாவைச் சுற்றி எட்டுச் சிறு கோபுரங்கள் உள்ளன. பார்ப்பவர் அவற்றை அழகுக்கு என்பார். உண்மையில் அவை தூண்களின் தலைமேல் பாரமாக அமர்ந்து, வெளியே தள்ளும் விசையைக் கீழே திருப்புகின்றன. 2011இல் யுனெஸ்கோ ஸெலிமியாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

1588இல் அன்னார் வஃபாத்தானார்கள். ஸுலைமானியாவின் அருகே, தாமே அமைத்த சிறிய கபுறில் அடங்கியிருக்கிறார்கள்.

கடை நடத்தும் நமக்குத் தராசின் அருமை தெரியும். தட்டு எவ்வளவு பளபளத்தாலும் எடை பிசகினால் அது தராசு ஆகாது. பள்ளிவாசலுக்குப் பூவேலையும் வண்ணமும் தேர்ந்தெடுக்க நம்மில் பலர் முன்வருகிறோம். நல்லதுதான். ஆனால் நூறு பேர் ஸுஜூதில் இருக்கும்போது அவர்கள் தலைக்கு மேலே இருப்பது ஒருவர் போட்ட கணக்கு என்பதை மறக்கலாகாது. அந்தக் கணக்கைக் கற்க நம் பிள்ளைகளை அனுப்புவோமாக! மரத்திலும் கல்லிலும் உழைத்த அப்பெரியாரின் மறுமையை அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக! ஆமீன்.