எல்லைக்குப் போராடிய அச்சுத் தொழிலாளி ம.பொ.சி.

ரிச்சர்ட்ஸ் டவுன்: ஆடிக் கிருத்திகைக்கு நம் பகுதியிலிருந்து ரயிலில் திருத்தணிக்குக் காவடியோடு புறப்படும் அன்பர்கள் ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாக அரக்கோணம் சென்று வண்டி மாறுகிறார்கள். அந்தத் திருத்தணி 1953 முதல் 1960 வரை ஆந்திராவில் இருந்தது என்றால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். அதை மீட்கப் போராடியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம்.

1906 ஜூன் 26-ல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தார். எழுத்துக் கோத்த கைதான் பிற்காலத்தில் புத்தகங்களாக எழுதிக் குவித்தது. காங்கிரசில் சேர்ந்து பலமுறை சிறை சென்றார். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கைதாகி வேலூர், அமராவதி சிறைகளில் வாடினார். அங்கே பற்றிய வயிற்றுநோய் கடைசி வரை விடவில்லை. சிறையில் கிடைத்த ஓய்வில் சிலப்பதிகாரத்தில் மூழ்கினார்.

நாடு விடுதலை பெறுமுன்பே, 1946-ல், தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். இந்தியாவுக்குள் தமிழருக்குத் தனி மாநிலம் வேண்டும் என்பதே கோரிக்கை. திராவிட நாடு கேட்டவர்களோடு மேடைக்கு மேடை மோதினார். காங்கிரஸ் மேலிடமோ மொழிவழி மாநிலம் என்றாலே முகம் சுளித்த காலம் அது. சொந்தக் கட்சிக்குள்ளேயே அவர் வேண்டாத பிள்ளையானார்.

1952 டிசம்பரில் ஆந்திர மாநிலத்துக்காக உண்ணாவிரதமிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர் நீத்தார். சென்னை நகர் யாருக்கு என்ற கேள்வி கொதித்தது. தமிழ்த் தலைவர்கள் பலரும் குரல் கொடுத்தார்கள். தெருவில் இறங்கிக் கிளர்ச்சியை நடத்தியதில் ம.பொ.சி.யின் பங்கு பெரியது. சென்னை தமிழருக்கே நின்றது. ஆனால் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. திருத்தணியில் ஆசிரியர் மங்கலங்கிழார் போன்றோர் அழைக்க, அங்கே சென்று மறியல் செய்து சிறைப்பட்டார். 1954-ல் காங்கிரசை விட்டே வெளியேறினார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த கட்சி அது!

படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பியது. திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் திரும்பவில்லை. வடவேங்கடம் வரை கேட்டவருக்கு இது பாதி வெற்றிதான். எந்த மொழிவழிக் கொள்கை திருத்தணியைத் தந்ததோ, அதே கொள்கைதான் 1956-ல் கன்னட மக்களுக்கும் ஒரே மாநிலத்தைத் தந்தது. 1947 வரை வெள்ளையர் நிர்வாகத்திலிருந்த கண்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் நாம் இதை இரு பக்கமும் பார்க்க வேண்டியவர்கள்.

கன்னடத்தாருக்கும் அவருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. அவர் எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து 1961-ல் ‘கப்பலோட்டிய தமிழன்’ படம் எடுத்த பி.ஆர்.பந்துலு கோலார் மாவட்டத்துக்காரர். அதே ஆண்டில் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’வையும் தந்தவர். நெல்லைச் சீமையின் வீரனுக்குத் திரையில் உயிர் கொடுத்தவர் கோலார்க்காரர் என்பது நம்மூரில் அடிக்கடி நினைவூட்ட வேண்டிய சேதி.

1966-ல் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ நூலுக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. மறு ஆண்டே, காலமெல்லாம் எதிர்த்த தி.மு.க.வுடன் சேர்ந்து, உதயசூரியன் சின்னத்தில் தியாகராய நகரில் வென்றார். கொள்கை மாறினார் என்று பலர் ஏசினார்கள். தி.மு.க. 1963-லேயே தனி நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டதால், நெருங்கி வந்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆயினும் அந்த உறவில் தமிழரசுக் கழகம் தேய்ந்ததை மறுக்க முடியாது. 1967 ஜூலை 18-ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடச் சட்டமன்றம் தீர்மானித்தபோது அவரும் அவையில் உறுப்பினராக இருந்தார்.

பிறகு சட்ட மேலவைத் துணைத் தலைவரானார், 1978-ல் தலைவரானார். 1986 நவம்பர் 1-ல் மேலவை கலைக்கப்பட்டபோது அந்த நாற்காலியில் கடைசியாக அமர்ந்திருந்தவர் அவரே. 1995 அக்டோபர் 3-ல் சென்னையில் காலமானார். வயது 89.