கரை கட்டிய துரை: லியோனல் பிளேஸ்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. முப்பது குடும்புகளினின்று குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் ஆறு பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்த செய்தியை அது உரைக்கிறது. வயிரமேகத் தடாகத்தில் தூர் எடுப்பதற்கென்றே அறக்கொடை அளித்த ஊர் இது. ஏறத்தாழ 870 ஆண்டுகள் கழிந்தபின், இவ்வூரை உள்ளடக்கிய சீமையின் ஏரிகளைச் செப்பனிடும் பொறுப்பைக் கடல் கடந்து வந்த ஓர் அதிகாரி ஏற்றார். பிளேஸ் துரை என்று மக்கள் வழங்கிய லியோனல் பிளேஸ் அவர்.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, தமக்காகப் போரிட்ட கும்பினிக்குக் கைம்மாறாக 1763இல் இச்சீமையை ஜாகீராக வழங்கினார். 1780இல் ஐதர் அலியின் குதிரைப்படை இங்குப் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தையடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. படைகள் சென்ற வழியெல்லாம் பயிர் எரிந்தது, குடிகள் ஊரை விட்டு ஓடினர், பஞ்சம் தொடர்ந்தது. போர் ஓய்ந்தபோது பல ஊர்களில் மாந்தர் வாழ்ந்தமைக்கு அடையாளமாக எலும்புகளும் வெறுஞ்சுவர்களுமே எஞ்சியிருந்தன என்று பிளேஸ் பின்னாளில் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

1794இல் அவர் ஜாகீரின் கலெக்டரானார். மைசூரில் திப்பு சுல்தான் இன்னும் ஆட்சியில் இருந்தார். கும்பினியின் படைகள் களைந்து அனுப்பப்படவில்லை. படைக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வரி வேண்டும். வரிக்கு விளைச்சலும் விளைச்சலுக்கு நீரும் வேண்டும். இக்கணக்கை உணர்ந்த பிளேஸ், உடைந்து கிடந்த ஏரிக்கரைகளையும் மதகுகளையும் செப்பனிடுவதில் முனைந்தார். காஞ்சிபுரத்துக் கோயில்களின் நிர்வாகத்திலும் அவர் கை நீண்டது.

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே உள்ள மதுராந்தகம் ஏரியே அவர் பெயரை நிலைநிறுத்தியது. அக்கரை மழைக்காலத்தில் உடைவது வழக்கம். 1798இல் பெருமழை கொட்டிய இரவில் கரையைப் பார்க்கச் சென்ற துரைக்கு, வில்லேந்திய இரு வீரர் ஒளி வீசக் காவல் நின்ற காட்சி தென்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. அவர்களை இராமனும் இலக்குவனும் என்று கொண்டனர். கோதண்டராமர் ஏரி காத்த ராமர் ஆனார். முன்பே வாக்களித்தபடி பிளேஸ் தாயார் சந்நிதிப் பணியை நிறைவேற்றினார் என்பர். அது கும்பினி ஜாகீர் கலெக்டரின் தருமம் என்று அங்குள்ள கல்லெழுத்து இன்றும் கூறுகிறது.

ஆயினும் அவர் வாழ்வுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மிராசுதாரரின் பரம்பரை நிலவுரிமையை ஆராய்ந்து மேலிடத்துக்கு எடுத்துரைத்தவர் அவரே. தாம் விதித்த தீர்வைக்கு இணங்காத மிராசுதாரரை நீக்கி, அவர்தம் உரிமையைப் பிறருக்கு அளித்தவரும் அவரே. முறையீடுகள் சென்னைக்குச் சென்றன. 1799இல் தம் நெடிய அறிக்கையைச் சமர்ப்பித்தார். 1802இல் ஜாகீரில் நிரந்தர ஜமீன் ஏற்பாடு வந்தபோது, அவர் ஆராய்ந்த பழைய ஊர் அமைப்பே நிலை குலைந்தது.

போரில் பாழான நிலத்துக்கு நீர் தேடித் தந்தவர் என்ற புகழ் பிளேஸுக்கு உரியது. அதனை மறுத்தல் அறமன்று. ஆனால் உடைந்த கரை எழுந்த அதே காலத்தில் கரையைக் காக்கும் உரிமை ஊரின் கையினின்று நழுவிக் கச்சேரிக்குப் போயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி காக்கும் அறுவரைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. மதுராந்தகத்துக் கல்லில் ஓர் அதிகாரியின் பெயர் இருக்கிறது. இவ்விரு கல்லையும் சேர்த்துப் படிப்பவர்க்கே இம்மண்ணின் நீர் வரலாறு முழுமையாக விளங்கும்.