ஜான் ஹண்டர்

செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். முன்னோர் எழுதிய ஏட்டுச்சுவடிகள் அங்குப் பேணிக் காக்கப்பட்டு வந்துள்ளன. எழுதியவர் மறைந்தாலும், ஏடு உள்ளவரை அவரிடம் பாடங் கேட்கலாம். மனித உடலையே அத்தகைய ஏடாகக் கொண்டு, நோயின் வரலாற்றை அதிற் படித்தவர் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர்.

ஹண்டர் 1728-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்தின் கடைசி மகவாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. இருபதாம் வயதில் லண்டன் மாநகர் சென்று, உடற்கூற்றியல் கற்பித்துவந்த தமையனார் வில்லியத்திற்குத் துணையாக அமர்ந்தார். 1768-இல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். அம்மைக்குத் தடுப்புக் கண்ட ஜென்னர் இவருடைய மாணாக்கரே.

உடலைத் திறவாமல் உள்ளே காணும் கருவிகள் அக்காலத்தில் இல்லை. வயிற்றினுள் நோய் விளைத்த கேட்டை அறிய, இறந்தார் உடலை ஆராய்வதே வழியாக இருந்தது. புண்பட்ட இரைப்பை, ஒன்றனுள் ஒன்று செருகிக்கொண்ட குடல், பித்தக் கற்கள் முதலியவற்றை ஹண்டர் சேர்த்தார். அழியும் உறுப்புகளை எரிசாராயம் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளில் இட்டுக் காத்தார்.

இறந்தோர் சிலரின் இரைப்பையில் துளை காணப்படுவதுண்டு. அது நோயின் விளைவென்றே பலர் எண்ணினர். நல்ல உடல்நலத்துடன் இரவுணவு உண்டபின், தலையில் அடிபட்டு இறந்த ஒருவனிடத்தும் ஹண்டர் அத்துளையைக் கண்டார். உயிர் நீங்கியபின் செரிமான நீர் இரைப்பையையே கரைத்துவிடுகிறது என்று தெளிந்து, 1772-இல் அதனை அரசக் கழகத்தில் வெளியிட்டார். நோய் எது, இறப்பின் பின்விளைவு எது எனப் பிரித்தறியும் நெறி இதனால் வலுப்பெற்றது.

ஈட்டிய பொருளையெல்லாம் சேகரிப்பிற்கே செலவிட்ட ஹண்டர், 1793-இல் கடன்பட்டவராய் மறைந்தார். குடுவைகள் பாழாகாமல் ஆறாண்டுகள் காத்தவர், வில்லியம் கிளிஃப்ட் என்னும் இளம் உதவியாளர். சொற்ப ஊதியத்தில் வாழ்ந்த அவர், ஆசானின் குறிப்புகள் பலவற்றையும் படியெடுத்தார். மூலக் குறிப்புகளை ஹண்டரின் மைத்துனரே பின்னர் எரித்தபோது, அப்படிகளே எஞ்சின. 1799-இல் பிரிட்டிஷ் அரசு 15,000 பவுனுக்குச் சேகரிப்பை வாங்கிற்று. 1941-இல் விழுந்த குண்டுகளால் அதன் பெரும்பகுதி அழிந்தது; எஞ்சியவை இன்றும் லண்டனில் உள்ளன.

ஹண்டரின் புகழில் ஒரு கறையும் உண்டு. தம் உடலைக் கடலில் இடவேண்டுமென விரும்பிய சார்லஸ் பைர்ன் என்னும் நெடிய மனிதர் 1783-இல் இறந்தார். அவ்விருப்பத்திற்கு மாறாக, ஹண்டர் பொருள் கொடுத்து அவ்வுடலைப் பெற்றார். 2023-இல் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது, பைர்னின் எலும்புக்கூடு காட்சியில் வைக்கப்படவில்லை.

நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய குடுவைகளின் முன் நின்று மாணவர் நோயியல் கற்கின்றனர். குடுவைக்குள் இருப்பது வெறும் உறுப்பன்று. பெயர் அறியாத ஒருவர் பட்ட துன்பமும் ஆகும். அத்துன்பத்திலிருந்து பிறரைக் காக்கக் கற்பது அறிவு. அவரை மறவாது மதிப்பது அறம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரே நன்மருத்துவர்.