ஞாயிற்றின் ஒளிமுடி கண்ட லியோ

விழாமலரிலே தமிழாசிரியர் ஒருவர் வானநூல் அறிஞரின் வரலாற்றை எழுதப் புகுந்தால், எம்மிடம் பயின்ற பழைய மாணவர் சிலர் புன்முறுவல் பூப்பர். பூக்கட்டும்! பேர்னார் லியோவைப் பற்றி அறிந்த நாள் முதலாக அவரைப் பற்றி எழுதுதல் வேண்டும் என்னும் அவா எமக்கிருந்தது.

லியோ 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27 ஆந் திகதி பாரிசு மாநகரிற் பிறந்தார். மின்பொறியியல் கற்றுத் தேறி, 1920 இல் மூடோன் வானாய்வு நிலையத்திற் சேர்ந்தார். சந்திரனிலும் கோள்களிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை நுணுகி அளந்து, அவற்றின் மேற்பரப்பின் இயல்பை ஆராய்ந்தமை அவர்தம் முதற் பணியாகும். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது பிறிதொன்று.

ஞாயிற்றைச் சூழ்ந்து கொரோனா என்னும் ஒளிமுடி ஒன்றுளது. ஞாயிற்றின் விளிம்பை அடுத்த இடத்திலேயே அதன் ஒளி, ஞாயிற்று வட்டத்தின் ஒளியில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆதலின் பூரண கிரகணத்தின்போது சில நிமிடங்கள் மாத்திரமே அதனைக் காணல் கூடும். முகில் மறைத்தால் அதுவுமில்லை. 1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி எம் இலங்கையிற் பூரண கிரகணம் நிகழ்ந்தபோது, கடல் கடந்து வந்த ஆய்வாளர் பலர் முகிலால் ஏமாற்றமுற்றனர். கிரகணமின்றி ஒளிமுடியைக் காண அமெரிக்க அறிஞர் ஹேல் 1893 இலும் 1894 இலும் மலையேறி முயன்றார், கைகூடவில்லை. இஃது ஆகாத காரியம் என்றே பலரும் எண்ணினர்.

லியோவோ தடை எங்கேயுள்ளது என்று தேடினார். உயர்ந்த மலையிலே, தூய வானிலே, ஒளிமுடியை மறைக்கும் ஒளியிற் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதன்று. தொலைகாட்டியின் உள்ளேயே சிதறுவது என்று கண்டார். வில்லையில் ஒட்டிய தூசி, கண்ணாடியினுள் அடைபட்ட குமிழி, மயிரிழை போன்ற கீறல், வில்லையின் விளிம்பு ஆகிய ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்தது. ஆகவே மாசற்ற கண்ணாடியிலே தனி வில்லையொன்றை மிக்க கவனத்துடன் தீட்டுவித்தார். ஞாயிற்றின் பிம்பம் விழுமிடத்தில் வட்டத் தகடொன்றை வைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கினார். வில்லையின் விளிம்பிலிருந்து வரும் ஒளியை வேறொரு துளைத்தகட்டால் தடுத்தார். 1930 இல் பிரெனீசு மலைத்தொடரில், 2,877 மீற்றர் உயர்ந்த பிக் டு மிடிச் சிகரத்தில் அக்கருவி பயன்பட்டது. மறு ஆண்டிலேயே ஒளிமுடியின் படமும் கிடைத்தது.

அவர் அத்துடன் அமையவில்லை. படிகத் தகடுகளை ஒன்றுக்கொன்று இருமடங்கு தடிப்புடையனவாக அடுக்கி, ஒரே நிறத்தின் மிகக் குறுகிய கூற்றை மாத்திரம் விடும் ஒளிவடி ஒன்றை 1933 இல் வகுத்துரைத்தார். ஞாயிற்றின் விளிம்பில் எழும் தீநாக்குகளைச் சலனப்படமாகவும் எடுத்தார். ஒளிமுடியின் நிறமாலைக் கோடுகளை அவர் அளந்த திருத்தமான அளவுகள் சுவீடன் அறிஞர் எட்லேனுக்கு உதவின. அக்கோடுகள் பத்து இலட்சம் பாகை வெப்பத்தில் உள்ள இரும்பு முதலியவற்றின் கோடுகள் என எட்லேன் நிறுவினார். ஞாயிற்றின் மேற்பரப்போ ஆறாயிரம் பாகையை எட்டாதது. அடுப்பினும் மேலெழும் ஆவி சூடானது என்றால் யார் நம்புவர்? 1942 இல் சுவீடன் நாட்டு ஆல்வேன், காந்தப் புலத்தின் வழியே அலைகள் ஓடக்கூடும் என்று கணித்தார். அவ்வலைகள் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றனவோ என்ற ஆராய்ச்சி தொடங்கிற்று.

அவ்வலைகளைக் கண்ணாற் காண லியோவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1952 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆந் திகதி நிகழ்ந்த கிரகணத்தை ஆராயச் சூடானிலுள்ள கார்ட்டூமுக்குச் சென்ற அவர், திரும்பும் வழியில், ஏப்ரல் 2 ஆந் திகதி கெய்ரோவுக்கு அண்மையிற் புகைவண்டியிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்தைந்து. கிரகணத்தை நம்பியிராத வழியைக் காட்டியவர் கிரகணத்தைக் காணச் சென்றே உயிர் நீத்தமை எம் நெஞ்சை வருத்துகின்றது.

1960 அளவில் கலிபோர்னியாவிலே மோர்ட்டன், ஞாயிற்றின் வெடிப்பொன்றிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் வேகத்திற் பரவும் அலையைப் படம்பிடித்தார். 2007 இல் நியூ மெக்சிக்கோ மலையொன்றில், லியோவின் முறையில் அமைந்த தொலைகாட்டியையும் ஒளிவடியையும் கொண்டு, ஒளிமுடியெங்கும் காந்தக் கோடுகள் வழியே செக்கனுக்கு 1,000 முதல் 4,000 கிலோமீற்றர் வரை விரையும் அலைகளைக் கண்டமையை அறிவித்தனர். அவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அசைந்தன. ஆல்வேன் கூறிய அலைகள் இவைதாமா, அவற்றின் இனமான வேறொன்றா என்பதில் அறிஞரிடையே வழக்குண்டு. அங்குக் கண்ட அலைகளின் ஆற்றல் ஒளிமுடியைச் சூடாக்கப் போதாது என்றும் அளந்தோரே எழுதினர்.