பதவியினும் பெரிது பொறுப்பு

துணுக்காய் போன்ற வன்னிப் பிரதேசங்களிலிருந்து அரச சேவையை நாடும் இளையோர்க்கு ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்க்கையை நாம் நினைவூட்ட விரும்புகின்றோம். 1892 இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்றார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கினார். 1938 இல் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்திலும், 1944 இல் சர்வதேச நாணய நிதியத்துக்கு வித்திட்ட பிரெட்டன்வூட்ஸ் மாநாட்டிலும் இந்தியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார்.

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26 இல் முதலாவது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சிலரது பெயர்கள் நீக்கப்பட்டமை சர்ச்சையானதும், 1948 இல் பதவி துறந்தார். 1953 இல் மறைந்தார்.

அவர் வகித்த பதவிகள் பல. எனினும், தமது அமைச்சில் நேர்ந்ததற்குத் தாமே பொறுப்பேற்று விலகியமையே நாம் மனத்திருத்த வேண்டிய பாடமாகும்.