கம்பளி இருந்தும் குளிரில் நடுங்கிய கணித மேதை

குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு மலைக் குளிர் தெரியும். கம்பளியின் அருமையும் தெரியும். ஆனால், உலகமே வியந்த ஒரு கணித மேதை, கட்டிலில் கம்பளி இருந்தும் குளிரில் நடுங்கினார். அவர்தான் ராமானுஜம்.

தனி மரம்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கு எழுதுபவர்.

பையன் கணக்கில் புலி. மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை; வேலையும் இல்லை. கையில் இருந்தவை கணக்கு நோட்டுகள் மட்டுமே.

சங்கம் திறந்த கதவு

1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் ராமசாமி அய்யர். அவர் டெபுடி கலெக்டர். 1910-ல் ராமானுஜம் அவரிடம் சென்று குமாஸ்தா வேலை கேட்டார்.

நோட்டுகளைப் பார்த்த அய்யருக்கு, இந்த அறிவைக் குமாஸ்தா வேலையில் புதைக்க மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். மறு ஆண்டே சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜத்தின் கட்டுரை வெளிவந்தது.

1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண அய்யர். அவரும் அதே சங்கத்தைச் சேர்ந்தவர். அதிகாரியும் குமாஸ்தாவும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்!

அயல் நாட்டில்

பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால், 1914 ஏப்ரலில் ராமானுஜம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இடம் கிடைத்தது.

அவர் புலால் உண்ணாதவர். அதனால் அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். பலரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் அல்லவா பழக்கம் உண்டாகும்?

நண்பர் வந்தார்

அங்கே படித்த வங்காள மாணவர் மகலனோபிஸ் அவருக்கு நண்பர் ஆனார். ஒரு குளிர் நாளில் அவர் ராமானுஜத்தைப் பார்க்க வந்தார். இரவில் குளிர்கிறதா என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையால் போர்த்திக்கொண்டு தூங்குவதாக ராமானுஜம் சொன்னார்.

நண்பர் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் பல கம்பளிகள் இருந்தன! அவற்றின் ஓரங்கள் மெத்தைக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் மேல்விரிப்பின் மீதே படுத்திருந்தார். நண்பர் கம்பளியை விலக்கிக் காட்டினார். ஞாயிறு தோறும் இருவரும் உலாவச் சென்றார்கள்.

1915-ல் மகலனோபிஸ் தாயகம் திரும்பினார். 1917-ல் ராமானுஜம் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிக் கவுரவித்தது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது வயதில் காலமானார்.

கதவைத் தட்டுங்கள்

சங்கம் அவருக்கு வழி காட்டியது, புகழும் தந்தது. ஆனால், இரவில் குளிர்கிறதா என்று கேட்டவர் ஒரு நண்பர்.

இன்று குரங்கணியிலிருந்து பெட்டியோடு மதுரைக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரியில் சங்கம் இருந்தால் சேர வேண்டும். தெரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது. பக்கத்து அறையில் ஒருவன் தனியாக இருந்தால், அவன் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும்.