தீவில் தனியாக நான்கு ஆண்டுகள்

பள்ளியில் நான்-டீடெயில் பாடமாக ராபின்சன் குரூசோ கதையைப் படித்தவர்கள் நம் வளாகத்தில் பலர் இருப்பீர்கள். டேனியல் டெஃபோ 1719-இல் வெளியிட்ட அந்தக் கதைக்குத் தூண்டுகோலாக இருந்தவர் என்று பலரும் கருதுவது அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமியை.

ஸ்காட்லாந்தில் லோயர் லார்கோ என்ற கடலோர ஊரில் 1676-இல் பிறந்தவர். அப்பா தோல் பதனிட்டுக் காலணி செய்பவர். மகனுக்குக் கடல்மேல் ஆசை, முன்கோபமும் அதிகம். 1703-இல், ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையிடக் கிளம்பிய ஆங்கிலேயக் குழு ஒன்றில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 670 கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத தீவு ஒன்றில் அவரது கப்பல் நின்றது. கப்பல் பழுதாகிவிட்டது, சரிசெய்யாமல் கிளம்பினால் மூழ்கிவிடும் என்றார் செல்கிர்க். கேப்டன் ஸ்ட்ராட்லிங் கேட்கவில்லை. வாக்குவாதம் முற்றி, இதில் வருவதைவிடத் தீவிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கேப்டனும் அவரை இறக்கிவிட்டார். கப்பல் கிளம்பும்போது மனம் மாறிக் கெஞ்சியும் பலனில்லை. அப்போது அவருக்கு வயது 28.

கையிலிருந்தவை: உடைகள், படுக்கை, துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து, கோடாரி, கத்தி, ஒரு பாத்திரம், பைபிள், சில புத்தகங்கள். முதல் எட்டு மாதங்கள் மனச்சோர்விலேயே கழிந்தன. பிறகுதான் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு வழி தேடத் தொடங்கினார்.

மரங்களை வெட்டி, புல் வேய்ந்து இரண்டு குடிசைகள் கட்டினார்; ஒன்று சமைக்க, ஒன்று உறங்க. இரவில் எலிகள் காலைக் கடித்தன. பழைய கப்பல்களிலிருந்து தப்பித் தீவில் பெருகியிருந்த பூனைகளுக்கு ஆட்டிறைச்சி போட்டுப் பழக்கினார், எலித்தொல்லை தீர்ந்தது. வெடிமருந்து தீர்ந்ததும் காட்டாடுகளை ஓடியே பிடித்தார். ஒருமுறை ஆட்டைத் துரத்திப் பாறையிலிருந்து விழுந்து, நினைவிழந்து கிடந்து பிழைத்தார். உடை கிழிந்தபோது ஆட்டுத் தோலைத் தைத்து உடுத்தார். ஊசிக்குப் பதில் ஆணி. கத்தி தேய்ந்தபோது கரையில் கிடந்த பீப்பாய் இரும்புப் பட்டைகளைத் தட்டிப் புதுக் கத்தி செய்துகொண்டார்.

வங்கியில் கணக்கு எழுதியே காலம் கழித்த எனக்கு மிகவும் பிடித்தது இது: கொன்ற ஆடுகளுக்கு அவர் கணக்கு வைத்திருந்தார். சுமார் 500. அதே அளவு ஆடுகளைப் பிடித்து, காதில் அடையாளமிட்டு விட்டுவிட்டார். கேட்க ஆளில்லாத இடத்திலும் கணக்கு!

அவரை விட்டுச் சென்ற கப்பல் என்ன ஆயிற்று? அவர் சொன்னபடியே பின்னர் அழிந்தது. பலர் இறந்தனர், தப்பிய கேப்டனும் சிலரும் ஸ்பானியரிடம் சிறைப்பட்டனர்.

1709 பிப்ரவரியில் உட்ஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயக் கேப்டனின் கப்பல்கள் வந்தன. நான்கு ஆண்டு நான்கு மாதத் தனிமை முடிந்தது. ஸ்கர்வி நோயால் வாடியிருந்த மாலுமிகளுக்கு ஆடு பிடித்துக் கொடுத்து உதவியவரும் அவரே. ஆனால் அவர் பேசியது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. சொற்கள் பாதி பாதியாகவே வந்தன. நாள்தோறும் பைபிளை உரக்கப் படித்தும், பேச்சுத் துணையில்லாமல் பேச்சே மறந்துபோயிருந்தது.

1711-இல் நாடு திரும்பியவர் மீண்டும் கடலுக்கே போனார். 1721-இல் ஆப்பிரிக்கக் கரையருகே கப்பலில் காலமானார். 1966-இல் சிலி அரசு அந்தத் தீவுக்கு ராபின்சன் குரூசோ என்றே பெயரிட்டது.

வீடு, உணவு, உடை எல்லாவற்றையும் தனியொருவராகச் செய்துகொண்டவரால், பேச்சை மட்டும் தனியாகக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் நம் பிளாக்குகளிலும் உண்டு. லிஃப்டில் பார்த்தால் ஒரு புன்னகையோடு நிறுத்தாமல், இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவோமே.